ருமென் நீரோடு என் முதுகலை ஆய்வு

மாட்டின் ருமெனில், அதாவது தீவனம் நொதிக்கும் முதல் இரைப்பையில், ஒரு மில்லி நீரில் 1,000 கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும். எடுப்பது சுலபம், உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. உள்ளே ஏறத்தாழ 39 டிகிரி சூடு, ஆக்சிஜன் இல்லாத இருட்டு. அது மாறினால் போச்சு.

காலைத் தீவனம் வைக்கும் முன்பே கொட்டகைக்குப் போய்விடுவேன். இடதுபக்க வயிற்றில் அறுவை செய்து கேனுலா (மூடி போட்ட குழாய்) பொருத்திய மாடு. மூடியைத் திறந்து கையை விட்டால் முழங்கைவரை கதகதப்பு, புளித்த வாடை. மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பிளாஸ்கில் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி, ஆய்வகத்தில் மஸ்லின் துணியில் வடிகட்டுவோம். ஆக்சிஜன் படாமலிருக்க கார்பன் டை ஆக்சைடு ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் தங்கும் சக்கையை மட்டும் கொட்டிவிடாதீர்கள். நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதில்தான் ஒட்டியிருக்கும். வடிநீரை மட்டும் பார்த்து எழுதிய ஆய்வை நான் பாதிக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வேன்.

பாக்டீரியாவை வளர்ப்பதற்கு நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட் உருவாக்கிய உருள்குழாய் முறை. அகார் கலந்த வளர்ப்பு ஊடகத்தைக் கொதிக்கவிட்டு, மிச்ச ஆக்சிஜனை நீக்க சிஸ்டீன் சேர்த்து, ஆக்சிஜன் இருந்தால் காட்டும் ரெசசூரின் சாயத்தின் இளஞ்சிவப்பு மறையும்வரை காத்திருக்க வேண்டும். ரப்பர் அடைப்பானைப் போடும்போது காற்று புகுந்தால் மறுபடி இளஞ்சிவப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் குழாயை ஐஸ் தண்ணீரில் படுக்கவைத்து உருட்டினால் அகார் உட்சுவரில் படலமாக உறையும். கை பழகும்வரை ஒருபக்கமாகவே திரளும்.

எனக்குப் பிடித்தது நுண்ணோக்கி. சூடான தகட்டில் ஒரு சொட்டு ருமென் நீர் விட்டால் புரோட்டோசோவாக்கள் (ஒருசெல் உயிரிகள்) சந்தை நாள் பஸ் ஸ்டாண்டுபோல் முட்டிமோதும். தகடு ஆற ஆற ஓட்டம் அடங்கிவிடும்.

டிஎன்ஏ வழி குழாயில் வளர்ப்பதைவிடச் சுலபம். மாதிரியைச் சிறு மணிகளோடு அதிரவைத்து செல்களை உடைத்து, பாக்டீரியாவை இனம்காட்டும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்த அனுப்பினால் பாக்டீரியாப் பட்டியல் வந்துவிடும். புரோட்டோசோவாவும் பூஞ்சையும் அதில் சிக்காது, அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். தீவனம் எவ்வளவு வாயு விடுகிறது என்பதையும் பட்டியல் சொல்லாது. அதற்கு 100 மில்லி கண்ணாடி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் சோளத்தட்டுத் தூள், 30 மில்லி ருமென் நீர்-பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) கலவை, 24 மணி நேரம். கூடவே தீவனமில்லாத சிரிஞ்சும் வைக்க வேண்டும், ருமென் நீர் தானாக விடும் வாயுவைக் கழித்தால்தான் கணக்கு சரிவரும்.