மாட்டர்ஹார்ன் இல்லாத டாப்ளரோன்

இன்று கையில் கிடைத்த டாப்ளரோன் சாக்லெட் அட்டையில் மலை இருக்கிறது. ஆனால் அது முன்பு இருந்த மாட்டர்ஹார்ன், அதாவது ஸ்விட்சர்லாந்தின் அடையாளமான அந்தச் சிகரம் இல்லை. ஏதோ ஒரு பனிமலை.

1908-இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் டோப்ளரும் எமில் பௌமனும் உருவாக்கிய சாக்லெட் இது. தேனும் பாதாமும் சேர்ந்த முக்கோணத் துண்டுகள்.

இப்போதைய உரிமையாளரான மாண்டெலீஸ் நிறுவனம், தயாரிப்பில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. ஸ்விஸ் சட்டம் கறார். நாட்டின் அடையாளத்தை அட்டையில் போடுவதென்றால் முக்கியத் தயாரிப்பு அங்கேயே நடக்க வேண்டும். பாலும் முழுக்க அந்நாட்டுப் பாலாக இருக்க வேண்டும். அதனால் 2023-இல் மலையை மாற்றினார்கள்.

எனக்கு இந்தக் கறார் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லி விற்றால் அந்த ஊருக்கு வேலையும் கொடுக்கணும், சரிதானே?

வாங்குகிறவர்களும் விடுவதில்லை. 2016-இல் பிரிட்டனில் முக்கோணங்களின் இடைவெளியை அகலமாக்கி 170 கிராமை 150 ஆக்கியபோது ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 2018-இல் பழைய வடிவமே திரும்பி வந்தது.