உனக்கே தெரியும்

"எழுத வேண்டுமா அக்கா?"

"உனக்கே தெரியும்."

பேச்சு இவ்வளவுதான். காலை ஏழரை மணி. எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் என் அறை வாசலில் நின்றான். நான் அப்போதுதான் வந்து, ஏர்கானுக்குப் பயந்து அலுவலகத்திலேயே வைத்திருக்கும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. அந்த நிலையில் சொன்ன பதில் அது. இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த இரண்டு சொற்களை எந்தக் குரலில் சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரவு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரே வார்டிலிருந்து ரத்த மாதிரியோடு இரண்டு குழாய்கள் வந்தன. லேபிள்கள் சுருக்கம் விழ ஒட்டப்பட்டிருந்ததால் கருவி பார்கோடைப் படிக்கவில்லை. ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைக் கையால் சிறு கிண்ணங்களுக்கு மாற்றி, எண்ணைத் தட்டி ஏற்றியிருக்கிறான். நோயாளிகள் இருவரும் நம்மவர்கள். இருவருக்கும் ஒரே பெயர். தகப்பனார் பெயர்தான் வேறு. அது லேபிளில் இடம் போதாமல் வெட்டுப்பட்டிருந்தது. (நம் பெயர்களின் நீளத்தை மனத்தில் வைத்து லேபிள் செய்கிறவர் இன்னும் பிறக்கவில்லை.) பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் பார்க்கவேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. பார்த்துமிருக்கிறான். ஆனால் இரண்டு குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறான்.

முந்தைய நாள் பொட்டாசியம் 4.1 இருந்தவருக்கு 6.8 என்று வந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் மற்றவருக்கு 3.9. முந்தைய முடிவிலிருந்து எண் ரொம்ப விலகினால் கணினி அதை வெளியே விடாமல் நிறுத்திவைக்கும். டெல்டா செக் என்போம். இரண்டையும் நிறுத்தியது. ஊதா மூடிக் குழாயின் ரத்தம் கலந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டானாம். அந்தக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசிய உப்பு. அது கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் சரியும். கால்சியம் சரியவில்லை. ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும். அது தெளிந்த மஞ்சளாக இருந்தது. பிறகு கிரியேட்டினினைப் பார்த்திருக்கிறான். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு அது. டயாலிசிஸ்காரருக்குத்தான் ஏறியிருக்க வேண்டும். டயாலிசிஸ்காரருக்கு 80, மற்றவருக்கு 900. வயிற்றில் புளியைக் கரைத்தது என்றான். மூலக் குழாய்களிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி ஊற்றி ஓட்டியதும் எண்கள் அவரவரிடம் போய்ச் சேர்ந்தன. 6.8ஐ உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்து, பெயரும் நேரமும் குறித்துக்கொண்டான். இருபது நிமிடத் தாமதம். யாருக்கும் எதுவும் தெரியாது.

அங்கேதான் சிக்கல். தவறான முடிவு வெளியே போயிருந்தால் 'எழுத வேண்டுமா' என்ற கேள்விக்கே இடமில்லை. திருத்திய அறிக்கை போயாக வேண்டும், மருத்துவரிடம் பேசியாக வேண்டும், சம்பவ அறிக்கை எழுதியாக வேண்டும். இது நூலிழையில் தப்பியது. தப்பியவற்றையும் எழுதுங்கள் என்று நானே அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையின் 2022 பதிப்பு வந்ததிலிருந்து, நடக்கவிருந்த ஆபத்தை முன்கூட்டியே பார்க்கவேண்டும் என்ற பேச்சு எங்கள் துறையில் கூடிவிட்டது. அதற்கான பயிற்சிக்கு என் ஆட்களை அனுப்பியதும் நான்தான்.

தப்பியது சிறிய விஷயமும் அன்று. பொட்டாசியம் 6.8 என்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவர் இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றி அதைக் கீழே இறக்குவார். எண் இடம் மாறிப் போயிருந்தால், நன்றாக இருந்தவருக்கு அந்த இன்சுலின் ஏறியிருக்கும். உண்மையிலேயே 6.8 இருந்தவர் விடியும்வரை நிம்மதியாகத் தூங்கவைக்கப்பட்டிருப்பார்.

ஆகவே எழுதத்தான் வேண்டும். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பிறகு ஏன் கேட்டான்?

அவன் எஸ் பாஸில், அதாவது சிங்கப்பூர் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் வேலை அனுமதியில், வேலை செய்தான். வீடு எல்லைக்கு அந்தப்புறம், மலேசியாவின் ஜொகூர் பாருவில். 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது இங்கேயே ஒரு அறையில் மூன்று பேரோடு மாதக்கணக்கில் தங்கி, ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. எஸ் பாஸ் முதலாளியோடு கட்டிய கயிறு. வேலை போனால் பாஸும் போகும். நான் குடியுரிமை உள்ளவள், மேலாளர், ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருப்பவள். 'எழுது' என்று நான் சொல்வதற்கும் அவன் எழுதுவதற்கும் விலை ஒன்றல்ல. அவன் கேட்டது விதிமுறையைப் பற்றி அல்ல என்று இன்று தோன்றுகிறது. 'எழுதினால் என்னைப் பார்த்துக்கொள்வீர்களா' என்பதைத்தான் அப்படிக் கேட்டானோ?

'உனக்கே தெரியும்' என்பது நம் அம்மாக்களின் சொல். செய்யவேண்டியதைச் செய் என்றும் அர்த்தம், பிறகு என்னைக் கேட்காதே என்றும் அர்த்தம். என் அம்மா அதைச் சொன்னால் நான் ஒருமுறைகூட வேறு மாதிரி செய்ததில்லை. அந்தச் சொல் எனக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவன் முதிர்ச்சியை மதித்துச் சொன்னேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில் தர மதிப்பீட்டாளர்கள் வரவிருந்தார்கள், என் தலையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. எழுதாதே என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. எழுது என்று சொல்லி, அந்தத் தாளில் பாதியை என் தோளில் ஏற்றிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். எட்டேகால் மணிக்கு என் மேசையில் தாள் இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும்.

அந்தப் படிவத்தில் பெயருக்குக் கட்டம் கிடையாது. குற்றம் சொல்வதற்கல்ல, கற்றுக்கொள்வதற்கு என்பதால் வேண்டுமென்றே விட்டது. ஆனால் தேதி உண்டு, நேரம் உண்டு, எந்த மேசை என்பது உண்டு. இரவில் இருப்பதே இரண்டு பேர். வேலை அட்டவணை சுவரில் தொங்குகிறது. தரக்கூட்டத்தில் யாரும் பெயரைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. "தானாகவே முன்வந்து எழுதியிருக்கிறார்" என்று நான் பாராட்டிப் பேசினேன். பேசும்போது பெருமையாகத்தான் இருந்தது.

திறன் மறுமதிப்பீடு முடியும்வரை இரவில் தனி மேசை வேண்டாம் என்று முடிவாயிற்று. நியாயமான முடிவு, வேறு யாராக இருந்தாலும் நானும் அதையே சொல்லியிருப்பேன். இரண்டு மாத இரவுப்படி போயிற்று. ஆண்டுக் கடைசியில் ஆட்குறைப்பு வந்தபோது இரண்டு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை, அதில் ஒன்று அவனுடையது. அந்தத் தாளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நான் அந்த அறையில் இருந்தேன். யாரும் தாளைப் பற்றிப் பேசவில்லை. அவன் கோப்பில் மறுமதிப்பீட்டு அறிக்கை இருந்தது, கோப்பு மேசைமேல் இருந்தது. அது அவனே கண்டுபிடித்து, அவனே திருத்தி, அவனே எழுதியது என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய்ப்பிருந்தது. யாரும் கேட்காததை நாமே ஏன் கிளறவேண்டும் என்று இருந்துவிட்டேன். அதை எடுத்திருந்தால் அவனுக்கே பாதகமாகியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் கதையும் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குழாயில் ரத்தம் உறைந்திருப்பதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன். உறைகட்டிக்குள் தட்டணுக்கள் சிக்கிக்கொண்டால் எண்ணிக்கை தாறுமாறாகக் குறையும். கருவி சொன்ன 30ஐ அப்படியே அனுப்பப்போனேன். எங்கள் மூத்த தொழில்நுட்பர், ஈப்போக்காரர், அதிகம் பேசாதவர், ஒரு மரக்குச்சியைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி, கறுப்பாய் ஒரு கட்டியை வெளியே இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வா" என்றார். பால் இல்லாத தேநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். நான் திரும்பி வருவதற்குள் அவரே வார்டைக் கூப்பிட்டுப் புது ரத்தம் கேட்டிருந்தார். படிவமும் இல்லை, கூட்டமும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை கட்டி பார்க்காமல் ஒரு குழாயையும் நான் ஏற்றியதில்லை.

அவரைப்போல் இருந்திருக்கலாமே என்று ஏங்கும்போதெல்லாம் இன்னொன்றும் கூடவே நினைவுக்கு வருகிறது. சில மாதம் கழித்து அடுத்த ஷிப்டில் ஒரு பெண் அதே தவற்றைச் செய்தாள். அந்த முடிவு வெளியே போய்விட்டது. எனக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லையே.

என்னை அக்கா என்ற அந்தத் தம்பியின் தாளால் ஒரு விதி வந்தது. கையால் ஊற்றும்போது மேசையில் ஒரே ஒரு குழாய்தான் திறந்திருக்க வேண்டும். அது மூடிய பிறகே அடுத்தது. லேபிள் ஒட்டும் கோணத்தைப் பற்றி வார்டு தாதியருக்குப் படம் போட்டு அனுப்பினோம். அதன் பிறகு கிண்ணம் மாறிய சம்பவம் என் கவனத்துக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் சொல்லமுடியும். அவன் போன பிறகு மூன்று மாதம், தப்பியவற்றைப் போடும் தட்டில் ஒரு தாள்கூட விழவில்லை. அதற்கு முன் மாதத்துக்கு நாலைந்து விழும். அடுத்த மதிப்பீட்டில் வரைபடத்தின் கோடு தரையைத் தொட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல முன்னேற்றம்" என்றார் மதிப்பீட்டாளர். நான் நன்றி சொன்னேன்.

கடைசி நாளன்று அவன் எல்லாருக்கும் ஜொகூரிலிருந்து கறிபாப் வாங்கி வந்திருந்தான். மாலை மின்தூக்கிவரை கூடவே போனேன். வெகுநேரம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்று நீ எழுதாமல் விட்டிருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியதா?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். முகத்தில் கோபமோ குறையோ எதுவும் இல்லை.

"நீங்கள்தானே அக்கா எழுதச் சொன்னீர்கள்?"

நான் திருத்தவில்லை. ஆறு மணிக்கு மேல் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் நெரிசல் தொடங்கிவிடும் என்று சொல்லிவிட்டு அவன் மின்தூக்கிக்குள் போனான்.