படகு மேல, வயல் கீழ

இஞ்சின் திடீர்னு முக்கிட்டு நின்னுடுச்சு. கேரளாவுல, குட்டநாட்டுல, கைநகரி ஊர் தாண்டி ஒரு சின்ன கால்வாய்ல, நட்ட நடு தண்ணில.

ஃப்ரெண்டோட அண்ணன் சொந்த வள்ளம் இது, ஹவுஸ்போட்லாம் இல்ல, பின்னாடி யமஹா மாட்டின சின்ன படகு. சேட்டன் அசரவே இல்ல. இஞ்சினைத் தூக்கினார், ப்ரொப்பல்லர் முழுக்க ஆகாயத்தாமரை சடை மாதிரி சுத்திக்கிடக்கு. கத்தியால அறுத்து அறுத்துப் போட்டாரு.

அந்தப் பத்து நிமிஷம் சும்மா எழுந்து நின்னேன். அப்பதான் கவனிச்சேன், வரப்புக்கு அந்தப் பக்கம் நெல்லு வயல் எங்க படகை விட நல்லா கீழ இருக்கு! ஒரு ஆள் வயல்ல நடந்து போறாரு, அவர் தலை எங்க தண்ணி மட்டத்துக்குத்தான் வருது. நடுவுல இருக்கறது ஒரு மண் வரப்பு, கொஞ்சம் கல்லு, பத்து தென்னை. அவ்ளோதான்.

குட்டநாடு கடல் மட்டத்துக்குக் கீழனு பள்ளிக்கூடத்துல படிச்சது. தண்ணியை வெளிய இறைச்சுட்டுத்தான் விதைக்கணும். உப்பு ஏறாம இருக்க தண்ணீர்முக்கம் தடுப்பணையில ஷட்டர் போடுறாங்க, நெல்லு பொழைக்குது, ஆனா உப்பு வந்தா செத்துப்போற இந்த ஆகாயத்தாமரையும் சேர்ந்து கொழுக்குதாம். சேட்டன் அதைச் சொல்லிட்டே இன்னொரு கொத்தை வீசினார்.

2018 வெள்ளத்துல எதுவரைக்கும் வந்துச்சுனு கேட்டேன். பேசாம கரையில இருந்த வீட்டு ஜன்னலைக் காட்டினார். மேல் விளிம்பை.

கீழ அந்த ஆள் இன்னும் நடந்துட்டு இருந்தாரு, பீடியோட.