விண்மீன் எதனால் ஆனது என்று எப்படித் தெரியும்?

வானியலை மக்களிடம் கொண்டுசெல்வதில் பெயர்பெற்ற ஓர் அறிவியலாளரின் பொதுச் சொற்பொழிவை அண்மையில் கேட்டேன். இத்தகைய உரைகள் பலவும் கருந்துளைப் படங்களையும் எட்ட முடியாத தொலைவுகளையும் அடுக்கிக் காட்டிக் கேட்போரை மலைக்கவைப்பதோடு நின்றுவிடுகின்றன. இவரோ ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, இறுதிவரை அதைவிட்டு விலகாமல் பேசினார்: நம்மால் தொடவே முடியாத விண்மீன் எதனால் ஆனது என்பதை எவ்வாறு அறிந்தோம்?

விண்மீன்களின் வேதியியல் இயைபை மனிதரால் ஒருபோதும் அறிய இயலாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் அகுஸ்ட் கோம்ட் 1835இல் எழுதினார். ஆனால் ஜெர்மானிய இயற்பியலாளர் ஜோசப் ஃபிரான்ஹோஃபர், சூரிய ஒளி பிரிந்து தரும் வண்ணப் பட்டையான நிறமாலையில் 500க்கும் மேற்பட்ட கருங்கோடுகளை அதற்கு முன்பே கண்டு பதிவுசெய்திருந்தார். அவற்றின் பொருள் 1859இல்தான் புலப்பட்டது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களை மட்டுமே உமிழும், உறிஞ்சும் என்று ஜெர்மானிய அறிவியலாளர்கள் கிர்க்காஃபும் புன்சனும் காட்டினர். பேச்சாளர் மேடையில் ஒரு சுடரில் உப்பைத் தூவி, சோடியத்தின் மஞ்சள் கோடுகளையும் சூரிய நிறமாலையில் அதே இடத்தில் உள்ள கருங்கோடுகளையும் திரையில் மேலும் கீழுமாகப் பொருத்திக் காட்டியபோது, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

வானியலாளர் செசிலியா பெய்ன் பற்றிய பகுதியே உரையின் உச்சம் என்பேன். சூரிய நிறமாலையில் இரும்பின் கோடுகள் மிகுந்திருப்பதால், சூரியனும் ஏறத்தாழ பூமியைப் போன்ற பொருள்களால்தான் ஆனது என்று அன்றைய வானியலாளர்கள் நம்பினர். வெப்பநிலைக்கு ஏற்ப எத்தனை அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் என்பதைக் கணிக்க, இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920இல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டு, ஒரு கோட்டின் வலிமை அத்தனிமத்தின் அளவை மட்டுமன்றி வெப்பநிலையையும் சார்ந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே பேரளவில் நிறைந்துள்ளது என்ற முடிவுக்கு வந்தார். அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்க மறுத்ததால், தம் 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று பெய்னே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரஸ்ஸலும் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார். இதைப் பேச்சாளர் வெறும் அநீதிக் கதையாகச் சுருக்காமல், ரஸ்ஸலின் ஐயத்துக்கு அன்றிருந்த காரணங்களையும் பொறுமையாக விளக்கினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வினா நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, சூரியனின் நிறையில் கால் பங்கு அளவுக்கு ஹீலியம் இருக்கும்போது, ஃபிரான்ஹோஃபரின் கோடுகளில் அது ஏன் இல்லை என்று கேட்டார். உரை முழுவதையும் உள்வாங்கியவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூரியப் பரப்பில், கண்ணுறு ஒளியை உறிஞ்சும் நிலைக்கு ஹீலியம் அணுக்கள் உயர்வதில்லை என்று பேச்சாளர் விடையளித்தார். அதற்கு மேலுள்ள, வெப்பம் இன்னும் மிகுந்த நிறமண்டலம் என்ற அடுக்கில் அவை அந்நிலையை அடைகின்றன. அதனால்தான் 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனின் விளிம்பில் ஒரு புதிய மஞ்சள் கோடு தென்பட்டது. அது ஹீலியத்துக்கு உரியது. பூமியில் அத்தனிமத்தை வில்லியம் ராம்சே பிரித்தெடுத்தது 1895இல்தான். கிரகணத்தில் ஹீலியம் வெளிப்பட்டதும் பெய்னின் கணக்கும் வெப்பநிலை என்ற ஒரே காரணத்தால் இணைகின்றன என்பதை, அம்மாணவியின் கேள்வியால்தான் நான் முதன்முதலாக உணர்ந்தேன்.