டிரெல் பி34: ஆறு சக்கரக் காரைத் தோற்கடித்த டயர்

ஃபார்முலா ஒன் விநோதங்களைத் தொகுப்பவர்கள் பிரிட்டனின் டிரெல் அணி உருவாக்கிய ஆறு சக்கர பி34 காரைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். 1976ஆம் ஆண்டின் பந்தய முடிவுகளைப் பார்த்த பிறகு அதை விநோதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வடிவமைப்பாளர் டெரிக் கார்ட்னரின் கணக்கு தெளிவானது. காரின் மூக்குப் பகுதி 150 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது என்பது அன்றைய விதி. வழக்கமான 13 அங்குலச் சக்கரங்களின் டயர்கள் அந்த மூக்கைத் தாண்டித் துருத்திக்கொண்டு, வரும் காற்றைக் கலைத்து, காரின் முன்பகுதியை மேலே தூக்கின. 10 அங்குலச் சக்கரங்களானால் மூக்கின் மறைவிலேயே அடங்கிவிடும், ஆனால் அத்தனை சிறிய டயர் தரையைப் பற்றப் போதாது என்பதால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு முன்சக்கரங்களை அவர் வைத்தார். பின்டயர்கள் பழைய அளவிலேயே இருந்ததால் நேர்ப்பாதையில் கிடைத்த வேகம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வளைவுக்குள் திரும்பும் உறுதியில்தான் பலன் தெரிந்தது. அந்தச் சக்கரங்களை ஓட்டுநர் பார்ப்பதற்காக இருக்கையின் இருபுறமும் கண்ணாடி போன்ற சிறு சாளரங்கள்கூட இருந்தன.

மே மாதம் ஸ்பெயினின் ஹராமாவில் பத்ரிக் தெப்பாயே ஓட்ட அறிமுகமான கார், மொனாக்கோவில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தது. அடுத்து ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டோர்ப்பில், முன்னணியில் இருந்த மாரியோ ஆண்ட்ரெட்டியின் லோட்டஸ் கார் எஞ்சின் பழுதாகி நின்றுபோக, டிரெலின் மற்றோர் ஓட்டுநரான ஜோடி ஷெக்டர் முதலாவதாகவும் தெப்பாயே இரண்டாவதாகவும் வந்தனர். ஆறு சக்கரக் கார் ஒன்று வென்ற ஒரே கிராண்ட் பிரி (ஃபார்முலா ஒன் பந்தயம்) அதுதான். ஆண்டு முடிவில் அணிக்கு 71 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் கிடைத்தது.

1977இல் ஷெக்டருக்குப் பதிலாக ரோனி பீட்டர்சன் வந்தார், புள்ளிகளோ 27ஆகச் சரிந்தன. கார் கனத்துவிட்டது என்பது உண்மைதான், ஆனால் மூலக்காரணம் டயர் என்றே நான் கருதுகிறேன். 10 அங்குல டயரைக் கேட்டது ஒரே ஓர் அணி என்பதால் டயர்களை வழங்கிய குட்இயர் நிறுவனத்தின் கவனம் மற்ற எல்லோரும் பயன்படுத்திய அளவுகளின்மீதே இருந்தது. பின்டயர்கள் மேம்பட, முன்டயர்கள் தேங்கிவிட, காரின் சமநிலை கெட்டது. பிடிமானத்தைக் கூட்ட முன்சக்கரங்களுக்கிடையிலான அகலத்தை அதிகரித்தபோது அவை மூக்கின் மறைவை விட்டு வெளியே வந்துவிட்டன, அதோடு கார்ட்னரின் அடிப்படைக் கணக்கே அடிபட்டுப்போனது.

பல ஆண்டுகள் கழித்து, ஏவன் நிறுவனம் அதே சிறிய அளவில் புதிய டயர்களைச் செய்து கொடுத்ததும், பழைய கார்களுக்கான பந்தயங்களில் பி34 மீண்டும் வென்றது.