யோட்டா கால்வாய்க் கரையோரம்

ஜூன் 11, ஃபோர்ஸ்விக்

சுவீடனின் வேனர்ன் ஏரியிலிருந்து பால்டிக் கடல்வரை 190 கிலோமீட்டர் நீளும் யோட்டா கால்வாயில், மனிதர்கள் வெட்டியது 87 கிலோமீட்டர். மற்றவை இயற்கையான ஏரிகளும் நீரோட்டங்களும். நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் கதவிட்ட தொட்டிதான் நீர்ப்பூட்டு; 1813இல் கட்டப்பட்ட இவ்வூர் நீர்ப்பூட்டுதான் கால்வாயிலேயே மிகப் பழையது. இதற்கு மேற்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 92 மீட்டர் உயரத்திலுள்ள வீக்கென் ஏரியே கால்வாயின் உச்சி. அங்கிருந்து தண்ணீர் இருபுறமும் தானாகவே இறங்குகிறது.

ஜூன் 12, வாட்ஸ்டேனா

சுவீடன் மன்னர் குஸ்தாவ் வாசா 1545இல் தொடங்கிய கோட்டையையும் புனித பிரிகிட்டாவின் மடாலயத் தேவாலயத்தையும் பார்த்தேன். தேவாலயத்தின் நீலச்சாம்பல் சுண்ணாம்புக்கல்லுக்கு அலங்காரமே தேவைப்படவில்லை.

ஜூன் 13, மோட்டாலா

கால்வாயைக் கனவுகண்ட பால்ட்சர் வான் பிளாட்டனின் கல்லறை கரையிலேயே இருக்கிறது. பிரித்தானியப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் ஆலோசனையுடன் 1810இல் தொடங்கிய வேலை 22 ஆண்டுகள் நீடித்தது. சுமார் 58,000 படைவீரர்கள், பெரும்பாலும் இரும்பு விளிம்பிட்ட மர மண்வெட்டிகளைக் கொண்டே தோண்டினார்கள். அவர்கள் பெயர்களையும் இக்கரையில் எங்காவது பொறித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 15, பெர்க்

படகுகளை இழுத்தபடி மாடுகள் ஒருகாலத்தில் நடந்த கரைப்பாதையில் சைக்கிளில் வந்தேன். வழியில் போரென்ஸ்பெர்க்கில் நீர்ப்பூட்டை இன்றும் கையால் சுழற்றியே திறக்கிறார்கள். இங்கோ, ரோக்சென் ஏரியிலிருந்து ஏழு நீர்ப்பூட்டுகள் படிக்கட்டாய் அடுத்தடுத்து அமைந்து படகை 18.8 மீட்டர் உயர்த்துகின்றன. மேல்நீரை நோக்கிக் கூம்பியபடி சேரும் இரு கதவுகளையும் தண்ணீரின் அழுத்தமே இறுக்கிப் பிடிக்கிறது. மதகுக்கண் திறந்ததும் தொட்டிக்குள் நுரைத்துப் பாய்ந்த நீர் ஒரு படகைப் பின்னுக்குத் தள்ள, அதிலிருந்த பெண் கரைவளையத்தில் மாட்டிய முன்கயிற்றைத் தளரவிடாமல், படகு எழ எழ இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பம்பு எதுவுமில்லை, மேலிருந்து இறங்கும் நீரே அத்தனை பாரத்தையும் தூக்கியது. மாலைவரை அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

ஜூன் 17, மெம்

இடைக்கால வணிக நகரமான சோடர்ஷோப்பிங்கைக் கடந்து கடைசி நீர்ப்பூட்டுக்கு வந்தேன். 1832 செப்டம்பர் 26 அன்று இங்குதான் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் முன்பே வான் பிளாட்டன் இறந்துவிட்டார். 1862இல் ஸ்டாக்ஹோமையும் யோட்டெபோரியையும் ரயில்பாதை இணைத்தபின் சரக்குப் போக்குவரத்தில் கால்வாயின் முக்கியத்துவம் குறைந்தது. அதனால் இது தோற்றுப்போன முயற்சி என்பதை நான் ஏற்கவில்லை. கால்வாய்ப் பணிக்காக 1822இல் மோட்டாலாவில் நிறுவிய பட்டறைதான் பின்னர் கப்பல்களையும் ரயில் இன்ஜின்களையும் செய்து, சுவீடனின் இயந்திரத் தொழிலுக்கே வழிகாட்டியது.