போர்ட்டைத் திறக்காமல் வீட்டு நாஸை வெளியூரிலிருந்து எடுப்பது

வீட்டு வைஃபையில் நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஃபோல்டர் சட்டென்று திறக்கும், வாசலைத் தாண்டினால் கிடைக்காது. இதற்குப் பலரும் சொல்லும் வழி, ரூட்டரில் 445-ஆம் போர்ட்டை ஃபார்வர்ட் செய்வது, அதாவது அந்த எண்ணுள்ள வாசலை வெளி இணையத்திலிருந்து நாஸுக்குத் திறந்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம். விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வுக்கான எஸ்எம்பி ஓடுவது அந்த போர்ட்டில்தான். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியது அதன் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக. நாஸின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் திறந்து வைப்பதும் ஆபத்துதான்: 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு வைரஸ், இணையத்தில் நேரடியாகத் தெரிந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளில் நுழைந்து ஃபைல்களைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

திறக்க நினைத்தாலும் பல வீடுகளில் முடியாது. ரூட்டரின் வான் (வெளி இணைய இணைப்பு) ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட் என்ற, இணைய நிறுவனத்தின் முகவரிப் பகிர்வு அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரூட்டர் வரை வராது. மாறும் ஐபியை ஒரு நிலையான பெயரோடு இணைக்கும் டைனமிக் டிஎன்எஸ் போட்டும் பயனில்லை.

அதனால் டெயில்ஸ்கேல், உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் செயலி. உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன்தான், ஆனால் இணைப்பை இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே தொடங்குவதால் சிஜிநாட் தடையாக இருக்காது. உங்கள் நாஸ் சினாலஜி நிறுவனத்துடையது என்றால் அதன் பேக்கேஜ் சென்டரில் நிறுவி லாகின் செய்யுங்கள். ஃபோனிலும் லேப்டாப்பிலும் அதே கணக்கு. நாஸுக்கு 100-இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இரண்டு பின்சாய்வுக் கோடு, அந்த முகவரி, மறுபடி ஒரு பின்சாய்வு, பகிர்ந்த ஃபோல்டரின் பெயர். வீட்டில் பயன்படுத்தும், .local என்று முடியும் பெயர் இங்கே வேலை செய்யாது. அது உள் நெட்வொர்க்குக்குள் மட்டுமே ஒலிக்கும் அழைப்பு. நாஸில் ஃபயர்வால் போட்டிருந்தால் 100.64.0.0/10 வரம்பை அனுமதியுங்கள். இதை விட்டால் பிங் (இணைப்பு இருக்கிறதா என்ற சோதனை) போகும், ஃபோல்டர் திறக்காது என்கிற குழப்பம் வரலாம்.

நிறுவியதும் டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்தில் நாஸுக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை (லாகின் சாவி காலாவதியாவதை) அணைத்துவிடுங்கள். இயல்பாக 180 நாளில் கீ காலாவதியாகும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அது நடந்தால், வீட்டில் யாராவது நாஸில் மறுபடி லாகின் செய்யும் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

வீட்டு பிரிண்டர், கேமராவும் வேண்டும் என்று நாஸை சப்நெட் ரூட்டராக (வீட்டின் மற்ற கருவிகளுக்கும் வழிகாட்டியாக) மாற்றினால் வேறு வம்பு வரும். வீட்டு முகவரிகளும் ஹோட்டல் வைஃபை முகவரிகளும் 192.168.1 என்றே தொடங்கினால், லேப்டாப் ஹோட்டல் நெட்வொர்க்கிலேயே உங்கள் பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரூட்டரின் லான் (வீட்டு உள் நெட்வொர்க்) வரம்பை 192.168.77 போன்ற அபூர்வ எண்ணுக்கு இப்போதே மாற்றுவது நல்லது. டெயில்ஸ்கேல் இல்லாமல் நேரடி வயர்கார்டு போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

வேகத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் தடை நாஸ் அல்ல, வீட்டின் அப்லோட். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 4 ஜிபி வீடியோ இறங்க அரை மணி நேரம் ஆகும். அதைவிடவும் மெதுவாக இருந்தால் லேப்டாப்பில் tailscale status கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நாஸுக்கு எதிரே டைரக்ட் என்று வராமல் ரிலே என்று வந்தால், தரவு இடைநிலை சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது. ரூட்டரில் யுபிஎன்பியை (கருவிகள் கேட்கும் போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) இயக்கினால் சில சமயம் டைரக்டாக மாறும், இருபுறமும் சிஜிநாட் என்றால் உறுதியில்லை. ஆயிரக்கணக்கான சிறு படங்களை எஸ்எம்பி வழியாக இழுக்காதீர்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பலமுறை கேள்வி-பதில் போய்வருவதால் நத்தை வேகம்தான். நாஸிலேயே ஜிப் செய்து ஒரே ஃபைலாக எடுங்கள்.

சோதனையை வீட்டு வைஃபையில் செய்வதில் அர்த்தமில்லை. ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். முதல்முறை பத்து இருபது நொடி தாமதித்தால் பயப்பட வேண்டாம், தூங்கிய ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன், கரண்ட் போய் வந்தால் நாஸ் தானாகவே ஆன் ஆகும் அமைப்பையும் சரிபாருங்கள்; சினாலஜியில் அது கன்ட்ரோல் பேனலின் ஹார்ட்வேர் அண்ட் பவர் பகுதியில் இருக்கிறது.